கியர்பாக்ஸ் வாரண்டி: நெல்லை சர்வீஸ் சென்டர்களில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்

நெல்லைப் பக்கம் உள்ள கார் கம்பெனி சர்வீஸ் சென்டர்களுக்கு வாடிக்கைச் சர்வீஸில் தாராளமாகவே மதிப்பெண் போடலாம். ஆயில், ஃபில்டர், பிரேக் பேடு என்றால் காலையில் விட்ட வண்டி சாயங்காலம் கழுவித் துடைத்துக் கைக்கு வந்துவிடும். வாரண்டிக்குள் கியர்பாக்ஸ் தகராறு செய்யும்போதுதான் தரம் இறங்குகிறது. ஒரே குறைக்கு மூன்று தடவை வண்டியை விட வேண்டியிருக்கும். மூன்று தடவையும் ‘சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாச்சு’ என்ற ஒரே பதில் வரும். நாலாவது தடவை போகும்போது வாரண்டி முடிந்திருக்கும். அம்பாசமுத்திரம், வள்ளியூர், தென்காசி என்று தள்ளி இருந்து வருகிறவர்களுக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் பிழைப்பு. இங்கே மதிப்பிடுவது இந்த ஒரு சேவையை மட்டும். டீலர் பெயர் எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் பெயர்ப் பலகை மாறினாலும் நடைமுறை பெரும்பாலும் ஒன்றுதான்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வாரண்டி வேலைக்கு டீலர் கைக்காசு போடுவதில்லை. செய்த வேலைக்குக் கம்பெனியிடம் கிளெய்ம் போட்டுப் பணம் வாங்குகிறார். அந்த கிளெய்முக்கு வாடிக்கையாளர் சொன்ன குறை எழுத்தில் வேண்டும், ஸ்கேனரில் வந்த ஃபால்ட் கோடு (குறையைக் குறிக்கும் எண்) வேண்டும், கழற்றிய பழைய பாகமும் அதன் படமும் வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் கிளெய்ம் திரும்பி வந்து, செலவு டீலர் தலையில் விழலாம். கியர்பாக்ஸ் மாதிரி விலை கூடிய பாகம் என்றால் கழற்றுவதற்கு முன்பே கம்பெனியின் முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு, வாரண்டி வேலைக்குக் கம்பெனி தரும் கூலி, காசு கட்டும் வேலைக்குக் கிடைக்கும் கூலியைவிடப் பொதுவாகக் குறைவு. ஆகவே ‘அண்ணாச்சி, ஆட்டோமேட்டிக்னா இப்படித்தான் இருக்கும், எல்லா வண்டியும் இதே மாதிரிதான்’ என்று சர்வீஸ் அட்வைசர் சொல்வதற்குப் பாதிக் காரணம் சோம்பல் என்றால், மீதிக் காரணம் அவர் கையில் ஆதாரம் இல்லை என்பதுதான். அவரிடம் சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. கம்பெனி மறுக்க முடியாத ஆதாரத்தை அவர் கையில் கொடுப்பதுதான் வழி.

ஜாப் கார்டில் என்ன எழுத வேண்டும்

நெல்லையில் இந்தச் சேவை முதலில் சறுக்கும் இடம் ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது குறைகளை எழுதிக் கையெழுத்து வாங்கும் தாள். ‘கியர் பிரச்சினை, செக் செய்யவும்’ என்று ஒரு வரி போட்டு, அதோடு ஜெனரல் செக்கப்பையும் சேர்த்து எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். மெக்கானிக் ஷெட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டுவார், ஒன்றும் தெரியாது, ‘குறை எதுவும் தென்படவில்லை’ என்று முடித்துவிடுவார். நாளைக்கு நுகர்வோர் ஆணையம் வரை போனாலும் இந்த ஒரு வரி உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும்.

குறையை நிலை, வேகம், கியர், ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று), எத்தனை தடவை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு இப்படி: ‘காலையில் குளிர்ந்த எஞ்சினில் குறை இல்லை. 20 நிமிடம் ஊருக்குள் ஓட்டிய பிறகு, 15 முதல் 20 கிமீ வேகத்தில் 1-லிருந்து 2-ஆம் கியருக்கு மாறும்போது வண்டி உதறுகிறது. பத்துக்கு ஆறு தடவை. ஏற்றத்தில் ஆர்பிஎம் 1,800-லிருந்து 3,000-க்குத் தாவுகிறது, வேகம் ஏறவில்லை.’ இது அப்படியே ஜாப் கார்டில் ஏற வேண்டும். கம்ப்யூட்டரில் இடம் போதாது என்பார்கள். அப்படியானால் வெள்ளைத்தாளில் எழுதி, ஜாப் கார்டு எண் போட்டு, சீல் வைத்து ஒரு நகல் வாங்குங்கள். கிலோமீட்டர் அளவு, தேதி, வண்டியை விட்ட நேரம் மூன்றும் சரியா என்று பார்த்துப் படம் எடுத்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். ஒவ்வொரு நடைக்கும் தனி ஜாப் கார்டு வேண்டும். ‘சும்மா பார்த்துத் தாரேன், கார்டு எதுக்கு?’ என்று சொல்வதை அன்பாகவே மறுத்துவிட வேண்டும், கார்டு இல்லாத நடை கணக்கில் வராது.

வண்டியை எடுக்கும்போது ‘வேலை திருப்தி’ என்ற கட்டத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். ஓட்டிப் பார்க்காமல் போட வேண்டாம். குறை தீரவில்லை என்றால் அதே இடத்தில் ‘ஓட்டிப் பார்த்ததில் குறை நீடிக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம், யாரும் தடுக்க முடியாது.

வாரண்டி முடிய நாலைந்து நாள்தான் இருக்கிறது என்றால் இன்னும் முக்கியம். வாரண்டிக்குள் குறை பதிவாகியிருந்தால், பாகம் வந்து வேலை முடிவது அதற்குப் பிறகானாலும் உரிமை போகாது என்று வாதாட அந்தத் தேதியிட்ட கார்டுதான் பிடி. மாருதி சுசுகி 2024 ஜூலையில் தன் அடிப்படை வாரண்டியை 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிமீ என்று உயர்த்தியது. அதற்கு முன் வாங்கிய வண்டிகளுக்கு 2 ஆண்டு அல்லது 40,000 கிமீ என்று இருந்தது. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. தினமும் நாகர்கோவில் போய் வருகிறவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 160 கிமீ ஓடிவிடும், ஆண்டுக் கணக்குக்கு முன்பே கிலோமீட்டர்க் கணக்கு முடிந்துவிடும்.

எந்தப் பெட்டிக்கு எந்த நோய்

‘ஆட்டோமேட்டிக்’ என்று பொதுவாகச் சொல்வதிலேயே பாதிக் குழப்பம். நாலு வகையும் நாலு விதமாகப் பழுதாகும், சோதிக்கும் இடமும் வேறு.

ஏஎம்டி (ஆட்டோமேட்டட் மேனுவல்) என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் போடுவதையும் ஆக்சுவேட்டர் என்ற, பெரும்பாலும் ஹைட்ராலிக்கில் இயங்கும் பகுதி செய்கிறது. இந்தியாவில் 2014-ல் மாருதி செலேரியோவில் வந்து பரவியது இதுதான். இதில் லேசான தலையாட்டம் இயல்பு, அதைக் குறை என்று எழுதினால் நிற்காது. கியர் விழாமல் ‘என்’ எழுத்து மின்னுவது, ஓடிக்கொண்டிருக்கும்போதே நியூட்ரலுக்குப் போவது, கதவைத் திறந்ததும் கேட்கும் பம்ப் மோட்டார் சத்தம் நிற்காமல் ஓடுவது ஆகியவை குறைகள். ஆக்சுவேட்டர் ஆயில் ஒழுகியிருக்கலாம், அழுத்தத்தைத் தேக்கும் அக்யூமுலேட்டர் வலுவிழந்திருக்கலாம், கியர் நிலை சென்சாரோ கிளட்ச் நிலை சென்சாரோ போயிருக்கலாம். இவை வாரண்டியில் வரும். கிளட்ச் பிளேட் மட்டும் தேய்மானப் பாகம் என்று ஒதுக்கப்படும். ஈரடுக்கு மேம்பாலத்து ஏற்றத்தில் வரிசை நிற்கும்போது பிரேக் போடாமல் ஆக்ஸிலேட்டரிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்தால் பிளேட் எரியும். அந்தப் பழக்கம் இருந்தால் டீலர் சொல்வதுதான் நியாயம்.

டிசிடி (டூயல் கிளட்ச்) இரண்டு கிளட்ச் உள்ளது. உலர் கிளட்ச் (ஆயிலில் மூழ்காத) வகை என்றால் ஊர்ந்து போகும் போக்குவரத்தில் சூடாகி, 1-க்கும் 2-க்கும் இடையே உதறும், சில வண்டிகளில் சூட்டு எச்சரிக்கை வரும். ‘நம்ம ஊர் வெயிலுக்கு அப்படித்தான்’ என்ற பதிலை ஏற்க வேண்டாம். இந்த ஊர் வெயிலில் ஓடும் என்று சொல்லித்தான் இங்கே விற்கிறார்கள். 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன், டிஎஸ்ஜி என்ற தன் 7 வேக டிசிடி கியர்பாக்ஸில் இருந்த செயற்கை ஆயிலை மினரல் ஆயிலாக மாற்ற உலகெங்கும் ஏறத்தாழ 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரப்பதமும் கூடிய இடங்களில் அந்த ஆயிலால் மின்கோளாறு வரலாம் என்பதே காரணம். வெயிலைத் தாங்குவது கம்பெனியின் பொறுப்பு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சிவிடியில் பற்சக்கரப் படிகள் கிடையாது, இரண்டு கப்பிகளுக்கு இடையே ஸ்டீல் பெல்ட் ஓடும். ஆக்ஸிலேட்டரை அமுக்கினால் ஆர்பிஎம் முதலில் ஏறி வேகம் பின்னால் வருவது இயல்பு. வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஊளைச் சத்தமும், 30 கிமீக்குள் வரும் நடுக்கமும், ஏற்றத்தில் திடீரென இழுவை போவதும் இயல்பல்ல. டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கடத்தும்) வகையில் பார்க்க வேண்டியது லாக்கப் நடுக்கம்; லாக்கப் என்பது அந்த ஆயில் இணைப்பை நேரடிப் பிடிப்பாகப் பூட்டும் கிளட்ச். 50-லிருந்து 80 கிமீக்குள் ஆக்ஸிலேட்டரை லேசாகப் பிடித்து ஒரே வேகத்தில் போகும்போது, சாலையில் வரிவரியாகப் போட்ட வேகத்தடை மேல் ஓடுவதுபோல் ஒரு அதிர்வு இரண்டு மூன்று விநாடி வந்து போகும். டயர் பேலன்ஸ் என்று சொல்லித் தட்டிக் கழிக்கப்படுவது இதுதான். வித்தியாசம் கண்டுபிடிக்க, அதிர்வு வரும்போது பிரேக் பெடலை இடது காலால் பாரம் கொடுக்காமல் தொட வேண்டும். பிரேக் விளக்கு சுவிட்ச் வேலை செய்ததும் லாக்கப் விடுபடும். அதிர்வு அப்போதே நின்றால் டயர் காரணமல்ல.

மேனுவல் கியர் வண்டிக்காரர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: 2-ஆம் கியர் விழும்போது கரகரவென்றால் சிங்க்ரோனைசர் (கியர்களின் வேகத்தை ஒன்றுசேர்க்கும் வளையம்), அது வாரண்டியில் வரும். பிளேட் தேய்ந்து ஸ்லிப் ஆனால் பெரும்பாலும் வராது.

அட்வைசரைக் கூட்டிக்கொண்டு ஓட்ட வேண்டிய சாலை

ஷெட்டைச் சுற்றி ஓட்டுவது சோதனை ஆகாது. டெக்னீஷியன் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார, குறை வரும் நிலையில் ஓட்ட வேண்டும். உதறல் சூட்டில் வருகிறது என்றால் சாயங்காலம் 6 மணிக்கு ஜங்ஷனிலிருந்து சுவாமி நெல்லையப்பர் நெடுஞ்சாலை வழியாக டவுன் போய், ரத வீதியை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினால் போதும், டிசிடியும் ஏஎம்டியும் தன் குணத்தைக் காட்டிவிடும். லாக்கப் நடுக்கத்துக்கு நாற்கரச் சாலையில் நாங்குநேரி பக்கமாக 65 கிமீ வேகத்தைப் பிடித்து ஓட்டுவதே சரி. சிவிடி, ஏற்றத்தில் இழுவை என்றால் பாபநாசம் மலைப்பாதையோ செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றமோதான் உண்மையைச் சொல்லும். அவ்வளவு தூரம் டெக்னீஷியன் வர மாட்டார். அதற்குத்தான் வீடியோ. கைபேசியை ஸ்டாண்டில் வைத்து ஆர்பிஎம் முள், வேகம், கியர் எண் மூன்றும் ஒரே ஃபிரேமில் தெரிய எடுக்க வேண்டும். ஓட்டுகிறவர் படம் எடுக்கக் கூடாது, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாமல் ஈமெயிலிலும் அனுப்பினால்தான் தேதியோடு நிற்கும்.

வண்டியை விடுவதற்கு முந்தின நாள் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவது, வெளி மெக்கானிக்கிடம் கொடுத்து ஃபால்ட் கோடை அழிப்பது, இரண்டும் உங்கள் கேஸை நீங்களே கெடுப்பது. கோடு பதிவான நேரத்தில் இருந்த வேகம், வெப்பம், ஆர்பிஎம் எல்லாம் கூடவே சேமிக்கப்பட்டிருக்கும். அழித்தால் அதுவும் போச்சு. சந்தையில் கிடைக்கும் சின்ன ஓபிடி கருவி (வண்டியில் செருகிக் கோடு படிப்பது) எஞ்சின் கோடுகளைக் காட்டும், பி 0700 வந்தால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்று மட்டும் பொருள். உள்ளே என்ன என்பதைக் கம்பெனி ஸ்கேனர்தான் படிக்கும். பி 0730 என்றால் கியர் விகிதம் பொருந்தவில்லை, பி 0741 என்றால் லாக்கப் பிடிக்கவில்லை, பி 0715 என்றால் கியர்பாக்ஸுக்குள் வரும் சுழற்சியை அளக்கும் சென்சாரில் கோளாறு. ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தாளில் கேளுங்கள், இல்லையென்றால் திரையையாவது படம் எடுங்கள். வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று.

இன்னொன்றையும் முதலிலேயே செய்யச் சொல்ல வேண்டும். 12 வோல்ட் பேட்டரிச் சோதனை. ஓய்வில் 12.4-க்குக் கீழே, ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் ஏஎம்டி, டிசிடி இரண்டுமே பொய்யான கோடுகளைக் கொட்டலாம். பிரேக் விளக்கு சுவிட்ச் பழுதானாலும் கியர் விழாது, அது சில நூறு ரூபாய்ப் பாகம். கியர்பாக்ஸையே மாற்றப் போராடிவிட்டு கடைசியில் சுவிட்சில் முடிகிற வண்டிகளும் உண்டு.

ஆயில் அளவில்தான் அதிகத் தவறு

கம்பெனியின் பரிந்துரைப்படி வேலை படிப்படியாகப் போகும். சாஃப்ட்வேர், அடாப்டேஷன் (கியர், கிளட்ச் நிலைகளைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது), ஆயில், வால்வ் பாடி (ஆயில் அழுத்தத்தைத் திருப்பிவிடும் பகுதி) அல்லது ஆக்சுவேட்டர், கடைசியாக முழு கியர்பாக்ஸ். சாஃப்ட்வேரில் ஆரம்பிப்பது தவறல்ல, மலிவானது முதலில் என்பது எங்கேயும் உள்ளதுதான். ஒரே பதிப்பை மறுபடி மறுபடி ஏற்றுவதுதான் தவறு. பழைய பதிப்பு எண், புதிய பதிப்பு எண் இரண்டையும் ஜாப் கார்டில் எழுதச் சொன்னால் அது உடனே வெளிச்சமாகிவிடும். ஏஎம்டியில் கிளட்ச் தொடும் புள்ளியை ஸ்கேனரில் கற்றுக்கொடுக்காமல் அனுப்பினால் குறை ஒரு வாரத்தில் திரும்பும்.

ஆயில் விஷயம் நம் ஊருக்கே உரிய சிக்கல். இப்போதைய ஆட்டோமேட்டிக் பெட்டிகள் பலவற்றில் அளவு குச்சி இல்லை. வண்டியை லிஃப்டில் மட்டமாகத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, கியர் ஒவ்வொன்றாகப் போட்டுத் திருப்பி, ஆயில் வெப்பம் குறிப்பிட்ட அளவில், பெரும்பாலும் 35-லிருந்து 45 டிகிரிக்குள், இருக்கும்போது மட்டப் பிளக்கைத் திறந்து, வழிவது சொட்டாகக் குறையும்வரை விட வேண்டும். சித்திரை வைகாசி மதியத்தில் நெல்லையில் நிழலிலேயே 38 டிகிரி தாண்டும். ஓடி வந்த வண்டியின் கியர்பாக்ஸ் ஆயில் 80, 90-ல் இருக்கும். சூட்டில் ஆயில் விரியும், அப்போது பிளக்கைத் திறந்தால் தேவைக்கு மேல் வழிந்து போகும், ஆறிய பிறகு அளவு குறைந்திருக்கும். குறைந்த ஆயிலில் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், முன்பைவிட மோசமாக ஸ்லிப் ஆகும். ஆகவே ஆயில் வேலை என்றால் வண்டியை முந்தின நாள் இரவே விட்டு, காலையில் முதல் வேலையாக, ஸ்கேனரில் ஆயில் வெப்பத்தைப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். எத்தனை லிட்டர் வெளியே வந்தது, எத்தனை உள்ளே போனது என்று எழுதி வாங்குங்கள். சிவிடிக்கு அந்தப் பெட்டிக்கென்று குறித்த சிவிடி ஆயில் மட்டும்தான். பொதுவான ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் பெல்ட் பிடிப்பை இழக்கும், பிறகு வாரண்டி பேசவே முடியாது. கம்பெனி ஆயில் பாகத்தின் எண் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏஎம்டியையும் மேனுவலையும் இங்கேயே பிரித்து வேலை செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள், அதில் நெல்லை டெக்னீஷியன்களின் கை நன்றாகவே இருக்கிறது. சிவிடி, டார்க் கன்வர்ட்டர் பெட்டிகளைப் பிரிக்கப் பல கம்பெனிகள் டீலரை அனுமதிப்பதில்லை. வால்வ் பாடியையோ முழுப் பெட்டியையோ மாற்றத்தான் வேண்டும். அதனால் ‘பிரிச்சுப் பாக்கோம்’ என்று சொன்னால், யார் பிரிப்பார், கம்பெனி அனுமதி எண் என்ன என்று கேளுங்கள்.

முழுப் பெட்டி மாற்றும்போது கேட்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. பழைய பெட்டியில் இரும்புத் துகள் இருந்தால் ஆயில் கூலரையும் குழாய்களையும் ஃப்ளஷ் செய்ய வேண்டும், அல்லது கூலரையே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பழைய துகள் புதுப் பெட்டிக்குள் போய் அதையும் தின்னும். ஆக்ஸில் ஆயில் சீல் புதிதாக இருக்க வேண்டும். சப்ஃபிரேமை (எஞ்சினுக்குக் கீழே உள்ள இரும்புச் சட்டம்) இறக்கி ஏற்றினால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும், அதற்குக் காசு வாங்கக் கூடாது. புதுப் பெட்டியின் அளவீட்டு விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அடாப்டேஷன் செய்ய வேண்டும். பெட்டிக்குத் தேவைப்பட்ட ஆயிலுக்கு மட்டும் பில் போடுவது அடிக்கடி நடக்கிறது. வாரண்டி வேலைக்காகச் செலவான ஆயில் வாரண்டியிலேயே சேரும் என்ற வரி உங்கள் வாரண்டிப் புத்தகத்தில் இருக்கிறதா பார்த்துக் காட்டுங்கள். பூஜ்ய ரூபாய் பில்லாக இருந்தாலும் பாக எண்களோடு வாங்கி வையுங்கள். ஆர்சி புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும்தான் இருக்கும், கியர்பாக்ஸ் எண் இல்லை. ஆகவே ஆர்டிஓ அலுவலகம் போக வேண்டியதில்லை. மாற்றிய பெட்டிக்குப் பொதுவாக வண்டியின் மிச்ச வாரண்டிதான் கிடைக்கும், புதிதாக மூன்று ஆண்டு தொடங்காது. பழைய பெட்டி கம்பெனிக்குத் திரும்பிப் போகும், உங்களுக்குத் தர மாட்டார்கள். கழற்றி வைத்திருக்கும்போதே அதன் எண்ணையும், வடித்த ஆயிலின் நிறத்தையும் படம் எடுத்துவிடுங்கள்.

மறுக்கும் காரணங்கள், அவற்றில் நியாயமானவை

சர்வீஸ் தேதி தப்பியது, வெளியே ஹாரனுக்கோ விளக்குக்கோ வயரை வெட்டி இணைத்தது, டயர் அளவை மாற்றியது, வெளியில் கேஸ் கிட் போட்டது: இவை நான்கும் டீலர் முதலில் தேடுபவை. டயர் அளவு மாறினால் வண்டியின் உண்மை வேகத்துக்கும் கம்ப்யூட்டர் கணக்குக்கும் பொருந்தாமல் போகும், அது உண்மையிலேயே கியர் மாற்றத்தைப் பாதிக்கும். ஆனால் பின்னால் போட்ட கேமரா வயரைக் காட்டி வால்வ் பாடிப் பழுதை மறுத்தால், எந்த வயர் எந்தப் பாகத்தை எப்படிக் கெடுத்தது என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்து என்றதும் பல மறுப்புகள் இறங்கிவரும்.

தண்ணீர் வேறு கதை. 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி கரை புரண்ட வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் கியர் ஆயில் பால் நிறமாகிப் பெட்டி துருப்பிடித்தது. அது வாரண்டிக்குள் வராது, இன்சூரன்ஸ்தான், அதிலும் எஞ்சின் கியர்பாக்ஸ் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி இருந்தால்தான் முழுதாகக் கிடைக்கும். ஆனால் தண்ணீரே பார்க்காத வண்டிக்கும் ‘வாட்டர் என்ட்ரி’ என்று எழுதிவிடுகிற வழக்கம் அதற்குப் பிறகு காதில் விழுகிறது. அப்படி எழுதினால் ஆயில் மாதிரி, தரைவிரிப்புக்குக் கீழே உள்ள சேற்றுக் கோடு, கனெக்டர் துரு மூன்றின் படத்தையும் கேளுங்கள். தண்ணீர் போயிருந்தால் மூன்றிலும் தடம் இருக்கும். உவரி, கூட்டப்புளி போன்ற கடலோர ஊர்க்காரர்கள் வண்டி என்றால், உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பூப்பது வெள்ளத்தால் வந்ததல்ல என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் வண்டி நின்றுபோனால் முன் சக்கரம் தரையில் உருள இழுத்து வரக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது உள்ளே ஆயில் சுற்றாது, காவல்கிணறிலிருந்து நெல்லை வருவதற்குள் பெட்டி காய்ந்து நாசமாகும், பிறகு பழி உங்கள் மேல்தான். மேடை வைத்த வண்டி வந்தால் மட்டும் ஏற்றுங்கள்.

மேலே போக வேண்டியிருந்தால்

இரண்டாவது நடையிலும் குறை நின்றால் அட்வைசரோடு பேச்சை நிறுத்திக்கொண்டு சர்வீஸ் மேனேஜரிடம் போக வேண்டும். கம்பெனியின் வட்டார டெக்னிக்கல் அதிகாரி மாதத்தில் சில நாள் நெல்லைக்கு வருவார். அந்தத் தேதியைக் கேட்டு, அன்றைக்கு வண்டியை அவர் முன்னால் ஓட்டிக் காட்ட நேரம் வாங்குவதுதான் இந்த ஊரில் பலன் தரும் ஒரே குறுக்குவழி. முன் அனுமதி தரும் அதிகாரம் அவர் பக்கம்தான் இருக்கிறது. கூடவே கம்பெனி வாடிக்கையாளர் மையத்துக்கு ஈமெயில், எல்லா ஜாப் கார்டு எண்களோடும். புகார் எண் வராத மெயிலை அனுப்பாத மெயிலாகவே கருதுங்கள். சேசிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு ரீகால் (திரும்ப அழைப்பு) இருக்கிறதா என்றும் பாருங்கள், ரீகால் வேலைக்கு வாரண்டிக் காலம் குறுக்கே வராது.

அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். கட்டணம் 5 லட்சம் வரை கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். வழக்குக் காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். டீலரையும் கம்பெனியையும் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டால் மற்றவர் அவர் பக்கம் கைகாட்டுவார். நிபுணர் சோதனைக்கு மனுவிலேயே கேட்டுவிடுங்கள், அதற்கான செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அரசு பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் துறையையோ மோட்டார் வாகன ஆய்வாளரையோ நியமிக்கக் கோரலாம்.

புது வண்டியே வேண்டும் என்ற கோரிக்கையில் மட்டும் கவனம் தேவை. கிளட்ச் கோளாறு பற்றிய ஒரு வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டி பாகத்தை மாற்றித் தருவதாகச் சொல்லும்போது முழு வண்டியை மாற்றச் சொல்வது பொருந்தாது என்று சொல்லி, பழுது நீக்கத்தோடு 50,000 ரூபாய் வழங்கச் சொன்னது. ஆகவே புது கியர்பாக்ஸ், வண்டி நின்ற நாட்களுக்கான பயணச் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு என்று கேட்பதே நிற்கும். பயணச் செலவுக்கு டாக்சி ரசீது, பஸ் டிக்கெட் எல்லாம் தேதியோடு இருக்க வேண்டும். நாகர்கோவில் பஸ் டிக்கெட் என்றாலும் தூக்கி எறியாதீர்கள்.

கூடுதல் வாரண்டி வாங்குவதா என்று கேட்பவர்களுக்கு: டிசிடி, சிவிடி என்றால் வாங்குங்கள், அடிப்படை வாரண்டி முடிவதற்குள் வாங்க வேண்டும், கம்பெனியே தருவதாக இருக்க வேண்டும், டீலர் தனியாக விற்கும் வேறு திட்டம் வேண்டாம். கையெழுத்துப் போடும் முன், விலக்குப் பட்டியலில் மெக்கட்ரானிக்ஸ் (டிசிடியின் மின்-ஹைட்ராலிக் கட்டுப்பாட்டுப் பகுதி), வால்வ் பாடி, ஆக்சுவேட்டர், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் என்ற நாலு பெயரும் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஏஎம்டிக்கு, கிளட்ச் விலக்கப்பட்டிருந்தாலும் ஆக்சுவேட்டர் உள்ளே இருந்தால் அந்தப் பணம் வீண் போகாது.